ஏன் அரை மரதன்? 21 கிலோமீற்றருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோ லண்டனில் இருக்கும் மருமகளோ கழுத்தில் பதக்கத்தோடு வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள்: "ஹாஃப் மரதன் முடிச்சாச்சு." ஊரில் அதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். ஓடுவதென்றால் முழுதாக ஓட வேண்டியதுதானே, பாதியில் என்ன பெருமை? உடம்புக்காகத்தான் ஓடுகிறார்கள் என்றால் ஐந்து கிலோமீற்றர் போதாதா, 21 எதற்கு?

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அரை மரதனை முழு மரதனுக்கு முடியாதவர்களின் ஓட்டம் என்று பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்காது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் எரிபொருள், வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கிடைக்கும் காலை நேரம், எலும்பும் தசைநாணும் தாங்கும் சுமை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. மூன்றும் ஏறத்தாழ 21 கிலோமீற்றரை ஒட்டியே வந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் வெய்யிலும் சேர்ந்து அந்த எல்லையை இன்னும் இறுக்குகிறது.

தூரமும் அதன் வரலாறும்

மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921 இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அதையே நிலையான தூரமாக ஏற்றுக்கொண்டது. அதில் சரிபாதி, 21.0975 கிலோமீற்றர், அரை மரதன். 400 மீற்றர் ஓடுபாதையில் ஓடினால் ஐம்பத்திரண்டே முக்கால் சுற்று. வீதியில் என்றால், யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடிப்போய், அங்கேயும் கொஞ்சம் ஓடினால் வரும் தூரம். நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் "மரதன்" என்று நடத்தும் வீதியோட்டம் இதைவிட மிகக் குறைவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அளக்கக் கூடாது.

அரை மரதன் இதுவரை ஒலிம்பிக் போட்டியாக இருந்ததில்லை. அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஓட்டக்காரர்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1981 இல் தொடங்கிய 'கிரேட் நோர்த் ரன்' அதற்கு நல்ல உதாரணம். இன்று உலகின் மிகப் பெரிய அரை மரதன்களில் அதுவும் ஒன்று. முதலாவது உலக அரை மரதன் சம்பியன்ஷிப்பும் 1992 இல் அங்கேதான் நடந்தது.

உலகின் மிக வேகமான ஆண்கள் சிலர் இந்தத் தூரத்தை 58 நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார்கள். எதியோப்பியாவின் லெதெசென்பெட் கிடே 2021 இல் ஸ்பெயினின் வலென்சியாவில் 1 மணி 2 நிமிடம் 52 செக்கனில் ஓடினார். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இரண்டு மணியும் இரண்டரை மணியும் சாதாரணம். பல போட்டிகளில் முடிப்பதற்குத் தரும் நேரம் மூன்று, மூன்றரை மணி. கணக்குப் பார்த்தால், மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் விரைந்து நடப்பவர்கூட மூன்றரை மணிக்கு எல்லைக்கோட்டின் வாசலில் நிற்பார். நடையும் ஓட்டமும் கலந்து முடிப்பது இந்தத் தூரத்தில் முழுக்க நடைமுறைச் சாத்தியம்.

முதல் எல்லை: எரிபொருள்

அரை மரதனுக்கும் முழு மரதனுக்கும் உள்ள வேறுபாட்டை "இரண்டு மடங்கு தூரம்" என்று சொல்லி முடித்துவிட முடியாது. உடம்புக்குள் நடப்பதே வேறு. அதைப் புரிந்துகொள்ள நான்கு விடயங்கள் தெரிந்தால் போதும்.

1. ஓடும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 65 கிலோ நிறையுள்ளவருக்கு அரை மரதன் ஏறத்தாழ 1,370 கிலோகலோரி, முழு மரதன் 2,740.

2. நாம் சாப்பிடும் காபோவைதரேற்று கிளைக்கோசன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. தசைகளில் 400 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராம் அளவு. கிராமுக்கு 4 கிலோகலோரி என்று வைத்தால் மொத்தம் 2,000 கிலோகலோரியை ஒட்டி வரும்.

3. கொழுப்பு இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. மெலிந்தவரிடமும் பல பத்தாயிரம் கிலோகலோரி கிடக்கும். ஆனால் அது மெதுவாகத்தான் வெளியே வரும், எரிப்பதற்கு ஒட்சிசனும் கூடுதலாகத் தேவை. கிளைக்கோசன் கைக்காசு, கொழுப்பு காணி. எவ்வளவு காணி இருந்தாலும் கடையில் நின்றுகொண்டு அதை விற்க முடியாது.

4. வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுக் கிளைக்கோசனை நாடும். ஆகவே போட்டி வேகத்தில் செலவின் பெரும்பகுதி கைக்காசிலிருந்தே போகிறது.

இப்போது 1,370, 2,000, 2,740 என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மரதன் சேமிப்புக்குள் அடங்குகிறது, முழு மரதன் அடங்கவில்லை. முழு மரதன் ஓடுபவர்கள் 30, 35 கிலோமீற்றரில் கால் திடீரெனக் கல்லாகிப்போனது என்று சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான். அந்த இடத்தைத் தாண்ட ஓடிக்கொண்டே சாப்பிடப் பழக வேண்டும், வயிறும் அதற்குப் பழக வேண்டும். அதற்கென்று மாதக்கணக்காகப் பயிற்சி தேவை.

அரை மரதன்காரருக்கு இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை. முதல் நாள் இரவு இடியப்பமோ புட்டோ சோறோ, நம் வீட்டுச் சாப்பாடே காபோவைதரேற்று நிறைந்தது. உறைப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டால் போதும். காலையில் ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியும். இரண்டு மணிக்கு மேல் ஓடுபவர்களுக்கு இடையில் கொஞ்சம் இனிப்பு உதவும். மணிக்கு 30 கிராம் அளவிலிருந்து தொடங்கலாம். விலை கூடிய வெளிநாட்டு ஜெல் பைக்கற்றுகள் கட்டாயமில்லை, குளுக்கோசுத் தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் அதே வேலையைச் செய்யும். எதை எடுத்தாலும் பயிற்சி நாளில் முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எல்லை: ஏழு மணி வெய்யில்

தசை செலவிடும் சக்தியில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவுதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி எல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவது. வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை, தோலிலேயே காய வேண்டும். காற்றில் ஈரப்பதன் கூடினால் காயாது. யாழ்ப்பாணத்தில் விடியற்காலை வெப்பநிலை குறைவு, ஆனால் ஈரப்பதன் மிகக் கூட. வெய்யில் ஏறினால் ஈரப்பதன் குறையும், ஆனால் வெப்பநிலை ஏறிவிடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், தலைக்கு மேல் நிற்கும் சூரியன்தான்.

நம் ஊரில் சூரியன் உதிப்பது, மாதத்தைப் பொறுத்து, ஏறத்தாழ காலை 5.45 க்கும் 6.35 க்கும் இடையில். ஏழு மணி தாண்டினால் வெய்யில் உறைக்கத் தொடங்கும். ஆகவே நீண்ட ஓட்டத்துக்கு உகந்த நேரம் ஐந்து மணி முதல் ஏழு மணிவரை, இரண்டு மணித்தியாலம். இதற்குள் எந்தப் பயிற்சி அடங்குகிறது?

1. 10 கிலோமீற்றர் போட்டிக்குத் தயாராகுபவரின் மிக நீண்ட பயிற்சி ஓட்டம் 8 முதல் 10 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 7 நிமிடம் என்றால் 70 நிமிடம். ஐந்துக்குத் தொடங்கினால் 6.10.

2. அரை மரதனுக்கு 16 முதல் 18 கிலோமீற்றர். அதே வேகத்தில் 18 கிலோமீற்றருக்கு 126 நிமிடம். முடிவது 7.06.

3. முழு மரதனுக்கு 30 முதல் 32 கிலோமீற்றர். தூரம் கூடுவதால் வேகம் 7 நிமிடம் 15 செக்கனாகக் குறைகிறது என்று வைத்தால் 32 கிலோமீற்றருக்கு 232 நிமிடம். முடிவது 8.52.

யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதத்து 8.52 வெய்யிலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முழு மரதனுக்குப் பயிற்சி எடுப்பவர் இங்கே அதிகாலை மூன்று மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், அல்லது வெய்யிலோடு மல்லுக்கட்ட வேண்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அரை மரதன் நம் காலைக்குள் அளந்து வைத்ததுபோல் அடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்து ஓட்டக்காரருக்கு மிக வலுவான காரணம் இதுதான் என்பது என் கருத்து. எரிபொருள் கணக்கு உலகம் முழுவதற்கும் பொது. இது நமக்கே உரியது.

கிழமை நாட்களிலும் இதே கதை. 8.30 க்கு அலுவலகம், அதற்கு முன் பிள்ளைகளைப் பாடசாலையில் விட வேண்டும். ஞாயிறு என்றாலும் ரியூஷன் வகுப்பு இருக்கும். அரை மரதன் பயிற்சிக்குக் கிழமைக்கு நான்கு முதல் ஐந்து மணித்தியாலம் போதும். முழு மரதனுக்கு ஏழு, எட்டு என்று போகும், நீண்ட ஓட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையில் மிச்சம் ஒன்றும் இராது.

வெப்பத்துக்கு உடம்பு பழகும். தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் அளவாக ஓடினால் குருதித் திரவத்தின் அளவு கூடும், வியர்வை முந்தியே சுரக்கும், அதில் உப்பு குறையும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வந்த இரண்டாம் நாளே தங்கள் வழக்கமான வேகத்தில் ஓடப் புறப்படுவதில் ஆபத்து இருப்பது இதனால்தான். பழகிய பிறகும் இங்கே ஓடும் வேகம் குளிர்நாட்டு வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மச்சானின் ரொறன்ரோ நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது எல்லை: தசைநாணும் எலும்பும்

ஓடத் தொடங்கும் ஒருவரின் உடம்பு ஒரே வேகத்தில் மாறுவதில்லை. குருதித் திரவம் ஓரிரு கிழமைகளில் கூடுகிறது. தசைக் கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் பெருகச் சில கிழமைகள் தேவை. தசைநாணும் எலும்பும் வலுப்பெற மாதங்கள் ஆகும். இங்கேதான் பொறி. ஆறாவது கிழமையில் மூச்சு வாங்காது, மனம் "இன்னும் ஓடு" என்று சொல்லும். ஆனால் கணுக்காலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் இன்னும் தயாராகவில்லை. முன்காலெலும்பு வலி, குதிகால் வலி, எலும்பில் மெல்லிய வெடிப்பு, எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

அரை மரதனை முடிக்கும்போது இரண்டு கால்களும் சேர்ந்து இருபதாயிரம் அடிக்கு மேல் வைத்திருக்கும். ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு, மூன்று மடங்கு விசை இறங்குகிறது. ஏற்கெனவே 5 கிலோமீற்றர் ஓடக்கூடிய ஒருவர் 12 கிழமைகளில் இதற்குத் தன் கால்களைத் தயார்செய்ய முடியும். அதே 12 கிழமைகளில் முழு மரதனுக்குத் தயார்செய்யப் பார்த்தால் காயத்துக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

"கிழமைக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே" என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2008 இல் வெளியான ஆய்வில், அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில், காயப்பட்டார்கள். விதி தவறு என்று ஆகாது. ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டால் காப்பு என்றும் நம்ப முடியாது. ஒரே இடத்தில் கூர்மையாக வலிக்கிறதா, அடுத்த நாள் காலையில் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா என்று கவனிப்பது எந்தச் சதவீதத்தையும்விடப் பயன் தரும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "முழங்கால் தேஞ்சு போகும்" என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான மதிப்பாய்வின்படி, முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டித் தரத்தில் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. மூட்டு நல்லாக இருப்பவர்களே ஓட வருகிறார்கள் என்பதும் காரணமாகலாம். ஆனால் அளவாக ஓடினால் மூட்டு போய்விடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் 10 கிலோமீற்றர் போதாதா?

உடல்நலம் மட்டும்தான் நோக்கம் என்றால், போதும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் வயதுவந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு என்று சொல்கிறது. 10 கிலோமீற்றர் பயிற்சியிலேயே அது கிடைத்துவிடும். ஐந்து கிலோமீற்றரைக் கிழமைக்கு நான்கு நாள் வருடம் முழுக்க ஓடுபவர் இருந்தால், அவர் அரை மரதன் ஓடித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், வருடம் முழுக்க அப்படி ஓடுபவர்கள் மிகக் குறைவு. 10 கிலோமீற்றரை உருட்டிப் பிரட்டி முடித்துவிடலாம். இளவயதுக்காரர் ஒருவர் இரண்டு கிழமை ஓடிவிட்டே சமாளித்துவிடுவார். 21 கிலோமீற்றரை அப்படி ஏமாற்ற முடியாது. பதினைந்தாவது கிலோமீற்றர் எல்லாக் குட்டையும் வெளிப்படுத்திவிடும். திகதி ஒன்றைக் குறித்துப் பணமும் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குக் காலை எழும்ப வேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயம்தான் பலருக்கு உண்மையான பயன்.

நீரிழிவை நினைத்து ஓடுபவர்களுக்கு இது முக்கியம். ஓடும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே குருதியிலிருந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். ஓடி முடிந்த பிறகும் ஓரிரு நாட்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். பிறகு அந்தப் பயன் மங்கிவிடும். ஆகவே ஞாயிறு ஒருநாள் மட்டும் ஓடிவிட்டு மற்ற நாள் உட்கார்ந்திருந்தால் சீனி வருத்தத்துக்குப் பெரிய உதவி இல்லை. அரை மரதன் அட்டவணையில் மூன்று, நான்கு நாள் ஓட்டம் கிழமை முழுக்கப் பரந்து கிடக்கிறது. ஒரு ஓட்டத்தின் பயன் மங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. இன்சுலின் ஊசியோ கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் மட்டும் ஓடும்போது சீனி மிகக் குறைந்துபோகக்கூடும் என்பதால், மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பயிற்சி எப்படி இருக்கும்?

நிறுத்தாமல் 5 கிலோமீற்றர் ஓடக்கூடியவரை வைத்து 12 கிழமைத் திட்டம்:

1. முதல் நான்கு கிழமை. கிழமைக்கு மூன்று நாள், மொத்தம் 15 முதல் 20 கிலோமீற்றர். நீண்ட ஓட்டம் 6 இலிருந்து 9 வரை. எல்லாமே மெதுவாக. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு முறிந்தால் குறையுங்கள்.

2. ஐந்து முதல் ஒன்பது வரை. நான்கு நாள். நீண்ட ஓட்டம் 10 இலிருந்து 16 வரை ஏறும். மூன்று கிழமை ஏறினால் ஒரு கிழமை இறங்க வேண்டும். ஒரு நாளில் 20 நிமிடம் மட்டும், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் ஓட வேண்டும்.

3. பத்தாவது கிழமை. 18 கிலோமீற்றர், அதற்கு மேல் தேவையில்லை. மீதி மூன்று கிலோமீற்றரைப் போட்டி நாளில் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

4. கடைசி இரண்டு கிழமை. தூரத்தைக் குறைப்பது. மிகக் கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் பலருக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

அந்த 20 நிமிட வேகம் எதற்கு? கிளைக்கோசனை எரிக்கும்போது தசையில் உண்டாகும் இலத்தேற்று என்ற பொருளை உடம்பு உண்டாகும் வேகத்திலேயே அகற்றிவிடும் ஓர் உச்ச வேகம் ஒவ்வொருவருக்கும் உண்டு. நன்றாகப் பழகியவர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய வேகம் அது. அரை மரதன் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஓடப்படுகிறது. எல்லையை உயர்த்தினால் கீழே இருக்கும் வேகமும் உயரும். (அடுத்த நாள் காலில் இருக்கும் உளைவுக்கு இலத்தேற்று காரணமில்லை. அது ஓடி முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடும். உளைவு தசை நாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.)

எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்று அறிய பீற்றர் றீகல் என்பவர் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி 10 கிலோமீற்றரை 60 நிமிடத்தில் ஓடுபவர் அரை மரதனை 2 மணி 12 நிமிடத்தில் முடிப்பார். வெய்யிலில் இன்னும் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் வீதிகள், நம் காற்று

குடாநாடு சுண்ணாம்புக்கல் தட்டை, மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சீராக ஒரே வேகத்தில் ஓடப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது, அரை மரதனுக்கு வேண்டியதும் அந்தச் சீர்மைதான். ஆனால் மலைநாட்டில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் இறக்கத்தில் தொடை முன்தசை பழிவாங்கும், அதற்கு இங்கே பழக வழியில்லை.

மேட்டுக்குப் பதில் நமக்குக் காற்று இருக்கிறது. சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தில் மண்டைதீவுப் பக்கமாக ஓடினால் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். வருவது சுகம் என்று தோன்றும், ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அதுதான் மோசம். காற்றும் நீங்களும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் தோலில் காற்றோட்டமே இராது, வியர்வை காயாது. திரும்பும் வழியில் தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீதியில் ஓடுபவர்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். இருட்டில் மின்னும் மேலாடை அவசியம். நாய்கள் தனிப் பிரச்சினை. ஓடுபவரைத் துரத்தும் நாய் நடப்பவரைப் பெரும்பாலும் விட்டுவிடும், அந்த ஒழுங்கையில் மட்டும் நடந்து போங்கள். பெண்களுக்கு நாயைவிட வேறு தொல்லைகள் கூட. இருட்டில் தனியே ஓட முடியாததால் அவர்களுடைய இரண்டு மணி நேரமும் சுருங்கிவிடுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஓடுவதும், கிழமை நாட்களில் துரையப்பா விளையாட்டரங்கு, பாடசாலை மைதானம், ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதை என்று ஆட்கள் நடமாடும் இடங்களில் சுற்றி ஓடுவதும் இப்போதைக்கு நடைமுறைத் தீர்வு. நியாயமான தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

இதயம்: எவ்வளவு ஆபத்து?

ஓட்டப் போட்டியில் யாராவது விழுந்து இறந்தால் அது செய்தியாகிறது, எல்லோரும் பயப்படுகிறோம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த நெடுந்தூர ஓட்டங்களை ஆராய்ந்த கட்டுரை 2012 இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது. 1 கோடியே 9 இலட்சம் பங்கேற்பில் 59 பேருக்கு இதயம் நின்றது. முழு மரதனில் ஒரு இலட்சம் பேருக்கு 1.01, அரை மரதனில் 0.27. அதாவது அரை மரதனின் ஆபத்து முழு மரதனின் ஆபத்தில் ஏறத்தாழ கால்பங்கு. மிகக் குறைவுதான். ஆனால் கீழ்வரும் நிலைகளில் ஓட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும்:

1. நடக்கும்போதே நெஞ்சு இறுகுதல், தலைச்சுற்று, காரணமில்லாத மூச்சுத் திணறல். வயது நாற்பதைத் தாண்டி, பிரஷர், சீனி, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால், தொடங்குமுன் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

2. காய்ச்சல். மாரி காலத்தில் டெங்கு வந்து போனவர்கள், காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் ஓடப் போகக் கூடாது. சில வைரசுக் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும். மீண்டும் தொடங்கும் நாளை வைத்தியர் சொல்லட்டும்.

3. வலி மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை. டைக்குளோபினக், ஐபுபுரோபன் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு வெப்பத்தில் நீண்ட தூரம் ஓடினால் சிறுநீரகத்துக்குக் கேடு.

தண்ணீரிலும் அளவு தெரிய வேண்டும். தாகத்துக்குக் குடிப்பது போதும். பயத்தில் லீற்றர் கணக்காக வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளினால் குருதியில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம். மெதுவாக மூன்று மணி நேரம் ஓடுபவர்களுக்கே இந்த ஆபத்துக் கூட. நிறைய வியர்ப்பவர்கள் தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரையோ, கரைத்த ஜீவனியையோ கையில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தைக் குறிப்பது?

12 கிழமை என்றால் நம் காலநிலையில் இரண்டு பருவத்தைத் தொடும். தை, மாசியில் வாடைக்காற்றோடு குளிர் கொஞ்சம் இருக்கும், பட்டம் ஏற்றும் காலம், ஓடுவதற்கு ஆண்டிலேயே நல்ல நேரம். ஆனால் அந்தக் காலத்துப் போட்டிக்கு, உதாரணமாகச் சென்னை மரதனோடு தை மாதத்தில் நடக்கும் அரை மரதனுக்கு, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் பயிற்சி எடுக்க வேண்டும். மழை பெரிய தடை இல்லை, வெய்யிலைவிட உடம்புக்கு இதமானது. இடி மின்னலும், வெள்ளத்துக்குள் மறைந்திருக்கும் குழியும்தான் பயம். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளை விட்டு உயர்ந்த பிரதான வீதிகளுக்கு மாற வேண்டும், சப்பாத்து ஒரு சோடி கூடுதலாக இருந்தால் ஈரம் காயும்வரை மாற்றிப் போடலாம்.

ஆடி, ஆவணியில் போட்டி என்றால் பயிற்சி சித்திரை, வைகாசியில் தொடங்கும். காற்றே இல்லாத புழுக்கத்தில் முதல் நான்கு கிழமை மிக மெதுவாகப் போகும். நீண்ட ஓட்டத்தை நாலரை மணிக்குத் தொடங்க வேண்டியும் வரலாம். முதல்முறை ஓடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தை, மாசியைத்தான். புரட்டாதி முடிவதற்குள் 5 கிலோமீற்றரை நிறுத்தாமல் ஓடும் நிலைக்கு வந்துவிட்டால் ஐப்பசியில் அட்டவணையைத் தொடங்கலாம். அந்த நிலைக்கு வராதவர்கள் பெயர் பதிவதை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிட்டு, கிடைக்கும் 10 கிலோமீற்றர் போட்டி ஒன்றில் சேரலாம்.